சம்மாட்டியின் சேவல் ஏலம்

ஜூலை 22, செவ்வாய்

கச்சான் காற்று விடாமல் அடிக்கிறது. சோற்றிலும் மணல். வாங்க: மிளகு, கற்கண்டு, டோர்ச்சுக்குப் பற்றரி. ஞாயிறு கோயில் திருநாள். நேர்த்திக்கு வரும் தேங்காய், சேவல் எல்லாவற்றையும் இந்த வருடமும் நான்தான் ஏலம் கூறுகிறேன்.

பின்னேரம் மரியதாஸ் சம்மாட்டி வந்தார். அவருடைய வள்ளங்களில் எது மீனுக்கு, எது போதைத்தூளுக்கு என்று ஊருக்கே தெரியும். தேத்தண்ணி குடித்தபடி சொன்னார்: "ஏலத்தில என்ர ஆக்கள் கொஞ்சப் பேர் கேப்பினம். விலை கூடப் போகும். யோசிக்காமல் கூறுங்கோ."

காசு அவருடையது, பெயர் ஏழைகளுடையது. கோயில் மண்டபம் கட்டும் கொந்தராத்தும் அவருக்கே. தூள் காசு கோயிலுக்குள் போய், கொந்தராத்துக் காசாக வெளியே வரும். பாவம் பங்குச் சுவாமியார், அவருக்கு ஒன்றும் தெரியாது.

"கூற மாட்டன்."

"உங்கட தம்பி செல்வம் என்ர வள்ளத்திலதானே?" சிரித்துக்கொண்டே போனார்.

ஜூலை 24, வியாழன்

கரண்ட் இல்லை. செல்வம் வந்து சண்டை.

"அண்ணை, தூள் கொண்டு வாறது குற்றம், ஓம். அந்தக் காசைக் கோயிலுக்குக் குடுக்கிறதும் குற்றமோ?"

"களவெடுக்கிறவனுக்கு ஏணி பிடிக்கிறவன் ஆரடா?"

"எனக்கு மூண்டு பிள்ளையள்."

எனக்குக் கோபம்தான் வந்தது.

நேர்த்திச் சேவலுக்கு ஒரு லட்சம் கேட்கப் போவது ரீட்டாவாம், செல்வம் சொன்னான். கருவாடு காயவைக்கிற ரீட்டா! அவள் மகன் அதே தூளில்தான் கிடக்கிறான். தாயின் தோட்டையும் விற்றுவிட்டான். போய்க் கேட்டேன்.

"சம்மாட்டி அரிசி வாங்கித் தந்தவர் அண்ணை. பேர்தானே கேட்டவர்."

பேர்தானே! நாளைக்குப் பொலிஸ் வந்தால் அவளைத்தான் பிடிக்கும். இது குற்றமில்லையென்றால் வேறு எது? எனக்கு ஒருவரும் சட்டம் படிப்பிக்க வேண்டாம்.

ஜூலை 27, ஞாயிறு

பூசை முடிய ஏலம். தேங்காய், கேக், பூசணிக்காய். பிறகு சேவல்.

ரீட்டா, தலை குனிந்தபடி: "ஒரு லட்சம்."

சனம் திரும்பி அவளைப் பார்த்தது. எங்கள் வழக்கம், விலையோடு ஆளின் பெயரையும் கூறுவது. அந்தப் பெயருக்குத்தான் ரசீது.

"ஒரு லட்சம், ஒருதரம், மரியதாஸ் சம்மாட்டி!"

முன்வரிசையிலிருந்து துள்ளி எழும்பினார். "நான் கேக்கேல்லை!"

"அப்ப ரீட்டாவுக்கு இந்தக் காசு எங்கால?" மைக் என் கையில். வெளி வீதிவரை கேட்டிருக்கும்.

செல்வம் வேண்டாமென்று கை காட்டினான். கண்ணெல்லாம் கெஞ்சல்.

"ரெண்டுதரம், மரியதாஸ் சம்மாட்டி!"

செல்வம் எழும்பிப் போய்விட்டான். ரீட்டா அழுதுகொண்டே வந்தாள். சேவலை வாங்கிக்கொண்டு போய்ச் சம்மாட்டி இருந்த கதிரையின் காலில் கட்டினாள்.

மூன்றாம் தரமும் அவர் பெயரையே கூறினேன்.