கீழ்ப்படியில் அண்ணன்

அண்ணிக்கு,

துக்கத்துக்கு வந்தவன் வாசலோடு திரும்பிவிட்டேன். உங்கள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

நானும் அண்ணனும் கூலிக்கு வீடு மாற்றித் தரும்போது, பீரோவைப் படியில் இறக்கினால் கனமெல்லாம் கீழே நிற்பவன் மேல்தான் விழும். அதனால் முறை வைத்து மாறிக்கொள்வோம். இரண்டு வருஷமாக நான் கீழே நிற்கவில்லை. "முதுகு வலிக்குதுண்ணே" என்பேன். "உனக்கு முதுகுன்னு ஒண்ணு இருக்கா? மேல போடா" என்று சிரித்துக்கொண்டே அண்ணன் கீழே போய்விடுவார்.

முதுகுவலி பொய், அண்ணி. என் இதய வால்வில் மூன்று இதழ் இருக்க வேண்டிய இடத்தில் பிறவியிலேயே இரண்டுதான். அதை ஒட்டிய பெரிய ரத்தக்குழாயும் வீங்கியிருக்கிறது, கனம் தூக்கினால் கிழிந்துவிடலாம் என்றார் டாக்டர். "கூடப் பிறந்தவங்க, அவங்க பிள்ளைங்க எல்லாருக்கும் ஸ்கேன் எடுத்துடுங்க" என்று ஒரு சீட்டும் தந்தார்.

அண்ணனையும் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டால் தொழில் என்னாவது? ஆள் மலை மாதிரி இருக்கிறார், அவருக்கென்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சீட்டை ஒளித்துவைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மூன்றாம் மாடிப் படியில், "நெஞ்சு கிழியுற மாதிரி இருக்குடா" என்றார். நான் இழுத்துப் பிடிக்கும்வரை பீரோவை அவர் விடவில்லை.

அந்தச் சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். பெயர் எழுதும் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அதில் பாப்பா பெயரை எழுதி நாளைக்கே கூட்டிப் போங்கள். என்னைத் திட்டுவதைத் திரும்பி வந்து வைத்துக்கொள்ளலாம்.

மேல்படியில் நின்ற,
உங்கள் கொழுந்தன்