வைரவர் இடம்மாறிய மத்தியானம்

ராத்தா, இன்று பின்வளவு வேப்பமரத்தடியைக் கூட்டும்போது விளக்குமாறு எதிலோ தட்டியது. மழை மண்ணை அரித்து, நீங்கள் புதைத்த வெள்ளைக் குழாயின் வாயை வெளியே காட்டியிருந்தது. அப்படியே குந்திவிட்டேன்.

துறைமுகப் பக்கம் முழுக்க அளவைக் குழப்பும் இரும்பு என்று, ஆராய்ச்சிக்காக நிலாவெளி றோட்டோரம் வீடு வீடாக வளவு கேட்டு வந்தீர்கள். அக்காவை உங்கள் ஆட்கள் கூப்பிடுவதுபோல நானும் ராத்தா என்றேன். அந்தக் குழாய்க்குள்தான் காந்தத்தை அளக்கிற காந்தமானியை இறக்கினீர்கள். மத்தியானத்தில் நம் தலைக்கு மேலே, முகிலையும் தாண்டி வெகு உயரத்தில், மின்சாரம் கிழக்கு நோக்கி ஆறுபோல ஓடுகிறதாம். கண்ணால் காண ஏலாது. பூமியின் காந்தத்தை அது கொஞ்சம் கூட்டுவதை வைத்துத்தான் அறியலாமாம். யாழ்ப்பாணம் தொட்டு மாத்தறை வரை அளந்து அந்த ஆற்றுக்கு ஒரு வரைபடம் கீறுவது உங்கள் வேலை. கேட்டுக் கேட்டு நானும் விளங்கிக்கொண்டேன்.

விளங்கியதும் பயம் பிடித்தது. குழாய்க்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் வைரவர், இரும்புச் சூலமாக நிற்கிறார். மாமி வைத்துக் கும்பிட்டவர். எடுக்கச் சொல்வீர்களோ என்று காத்திருந்தேன். நீங்கள் அந்தக் கதையையே எடுக்கவில்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானம் உங்கள் திரையில் ஏறவேண்டிய அளவுக்கோடு வெட்டினாற்போல் விழுந்தது. ஆறு அப்படி விழாது என்று உங்களுக்குத் தெரியும். மடிக்கணினியும் கையுமாகக் கிணற்றடிக்கு வந்தீர்கள். நான் பொங்கலுக்காகச் சூலத்தைப் பிடுங்கிச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

“உங்கட வைரவர் குளிக்க வெளிக்கிட்டவரோ?”

சூலத்தைக் கல்லில் சாய்த்து வைத்தேன். “அவரைக் கோயிலுக்குக் குடுத்துவிடட்டோ, ராத்தா?”

“வேணாம். அவர் ஒரே இடத்தில நிண்டா ஒரே அளவாத்தானே இழுப்பார். அதைக் கழிச்சிட்டு மிச்சத்தைப் பாக்கிறன். குளிக்க வாக்கிற நாளை மட்டும் சொல்லுங்க.”

வீட்டுக் கணக்குப் பார்க்கிற எனக்கு அது உடனே பிடிபட்டது. அதன்பின் சொல்லாமல் அவரை அசைத்ததில்லை. நோன்பு வைத்துக்கொண்டும் வெயிலில் வந்து அளந்தீர்கள். ஒரு வாய் தண்ணீர் தர ஏலாமல் நான்தான் தவித்தேன்.

நீங்கள் மௌத்தான செய்தி கேட்டுக் உங்கள் ஊரான கிண்ணியாவுக்கு வந்து சேருமுன் அடக்கம் முடிந்துவிட்டது. காந்தமானியையும் யாரோ வந்து எடுத்துப் போனார்கள். வரைபடம் முடிந்ததா என்று கேட்க எனக்கு ஆளில்லை.

இப்போதும் மத்தியானத்தில் உடுப்புக் காயப்போட இறங்குமுன், சேலையில் குத்திய இரும்பு ஊக்கைக் கழற்றிக் குசினி யன்னலில் வைத்துவிட்டே போகிறேன். ஆறு ஓடுகிற நேரமல்லவா? நீங்கள் எங்கிருந்தாவது பார்த்துக்கொண்டிருந்தால், என்னால் அந்தக் கோடு குழம்பக் கூடாது.