அப்பா எதையும் அமுக்கவில்லை

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். மருமகளுக்கு இடுப்பு வலி என்றாயே, குறைந்ததா, கனமான பையை அவளைத் தூக்க விடாதே, நீ தூக்கு. மாடிக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, பிளம்பர் நாளைக்கு நாளைக்கு என்று டிமிக்கி கொடுத்துக்கொண்டிருக்கிறான். உன் தங்கைக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அவளே சொல்லட்டும், நீ ஒன்றும் தெரியாதவன் போல இரு. போனில் சொல்லக்கூடாதா, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் பக்கத்தில் உன் அப்பா இருக்கிறார். தொண்டையில் ஆபரேஷன் செய்து குரலைத்தான் எடுத்தார்கள், காதை எடுக்கவில்லை. இது எல்லோருக்கும் அடிக்கடி மறந்து போகிறது, உனக்குச் சுத்தமாகவே மறந்துவிட்டது.

அந்தக் கம்ப்யூட்டர் உனக்கு வேண்டுமானால் ஒரு சாமானாக இருக்கலாம். மார்க்கெட்டில் காலமெல்லாம் ஏலம் கூவிய மனிதருக்கு இப்போது வாய் அதுதான். கை நடுக்கத்தில் பேனா பிடிக்க வரவில்லை, போனில் எழுத்துகள் பொடிப்பொடியாக இருப்பதால் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று விழுகிறது, இதில்தான் ஒற்றை விரலால் ஆற அமரத் தட்டுவார், தட்டி முடித்ததும் உள்ளே இருக்கிற பெண் உரக்கப் படிப்பாள். வந்த புதிதில் ‘நான்தான் உன் சக்களத்தி’ என்று தட்டி அவளையே படிக்க வைத்தார், நான் சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. இதையெல்லாம் அமைத்துக் கொடுத்தவன் நீதான், இல்லை என்று சொல்லவில்லை. போன மாதம் அது மக்கர் செய்ய ஆரம்பித்தது. சுவிட்சைப் போட்டால் நான் டீ போட்டுக் குடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த பிறகும் திறக்காது. பிறகு தட்டிய எழுத்து நின்று நிதானமாக வரும், அவர் பாட்டுக்குக் காத்திருப்பார். ஒரு நாள் காலையில் ஒரேயடியாகக் கறுப்புத் திரையில் அந்தச் சின்ன வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் உன்னைக் கூப்பிட்டேன்.

நீ ஆபீஸ் அவசரத்தில் இருந்தாய். பிளக்கைப் பிடுங்கு, பட்டனை அழுத்திப் பிடி, விடு, மறுபடி போடு என்றாய், செய்தேன். சேஃப் மோடில் போ என்றாய், எந்த மோடில் போனாலும் அதே வட்டம். உடனே உனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அப்பாதான் எதையாவது அமுக்கி வச்சிருப்பார், கண்ட கண்ட லிங்க்கைத் தொட்டிருப்பார், எத்தனை தடவை சொல்றது, சொன்னா கேட்டாத்தானே என்றாய். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், பட்டனை அழுத்தக் கை வேண்டுமே. அவர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார், கையை விரித்துக் காட்டினார். தலையை ஆட்டினால் போனில் கேட்குமா. நீ விடாமல், கேளும்மா அவரை, பதில் வருதா பாரு என்றாய். பதில் சொல்ல இருந்த ஒரே சாமான் அவர் முன்னால் செத்துக் கிடந்தது, அதற்காகத்தான் நான் உன்னைக் கூப்பிட்டதே, அது தெரிந்தும் அப்படிக் கேட்டாய். இனிமே நீ பக்கத்துல இருந்தா மட்டும் தொடச் சொல்லு என்று ஒரு உத்தரவு வேறு. இனி அவர் என்னைக் கேட்டுக்கொண்டுதான் வாயைத் திறக்க வேண்டுமா.

அன்றிலிருந்து அவர் சாப்பாட்டுத் தட்டை விட்டுக் கண்ணை எடுப்பதே இல்லை. உப்பு வேண்டுமென்றால் சாடை காட்டுபவர் அதையும் விட்டுவிட்டார், உப்பில்லாமலே தின்றுவிட்டு எழுந்து போவார். தெருமுனைக் கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டும் என்றார். அவரும் அப்பாவின் நடுங்கும் விரலைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஃபியூஸ் போனால் அயர்ன்பாக்ஸ், மிக்ஸி, ஹீட்டர் என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்போம் இல்லையா, அது மாதிரி அதில் சொருகியிருந்த எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுச் சுவிட்சைப் போட்டேன். நல்ல பிள்ளையாகத் திறந்துகொண்டது. ஒவ்வொன்றாக மாட்டி மாட்டி அணைத்துப் போட்டுப் பார்த்தேன். பிரிண்டர் மாட்டினால் திறந்தது, ஸ்பீக்கர் மாட்டினால் திறந்தது, அந்தக் கறுப்புப் பெட்டியை மாட்டியதும் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் மாட்டிப் பார்த்தேன், அதேதான். கடைக்காரரிடம் எடுத்துப் போனேன், இது உள்ளே கெட்டுப்போச்சும்மா, கம்ப்யூட்டர் திறக்கும்போதெல்லாம் இதைப் படிக்கப் பார்த்து மாட்டிக்கிட்டு நிக்குது என்றார். சோப்புக் கட்டி அளவில் இருக்குமே, போன முறை நீ ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் மாட்டியது. அப்பா டைப் பண்றதுக்கெல்லாம் இதுல ஒரு காப்பி இருக்கும், யாரும் கழட்டாதீங்க என்றாய். யாரும் கழற்றவில்லை, தூசி துடைக்கும்போதுகூட அதைச் சுற்றித்தான் துடைத்தேன். சாமான் கெட்டுப்போவது யார் குற்றமும் இல்லை, அதற்காக நான் உன்னைப் பேசவில்லை. கெட்டது என்றதும் யாரை நோக்கி விரல் நீட்டினாய், அதற்குத்தான் பேசுகிறேன்.

எல்லாம் சரியாகிவிட்டது, உங்க மேல ஒரு தப்பும் இல்லைங்க என்று அவரிடம் சொன்னேன். தலையை அசைத்தார், அவ்வளவுதான், நாற்காலிப் பக்கம் போகவே இல்லை. நேற்று எனக்குப் பொறுக்கவில்லை, இருங்க, இப்பவே அவனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேக்கறேன் என்று போனை எடுத்தேன். விறுவிறுவென்று வந்து என் கையிலிருந்து போனைப் பிடுங்கி வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தட்டினார். அவன்கிட்ட சொல்லாத, வருத்தப்படுவான் என்று அந்தப் பெண் படித்தாள். அதோடு அணைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். இத்தனை நாள் கழித்து அவர் பேசிய பேச்சு அது ஒன்றுதான். அவர் சொல்லாதே என்றார், நான் சொல்கிறேன், நீ வருத்தப்படு.

இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருங்கள், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, கோபம் வேறு அது வேறு. இந்தக் கடிதம் வந்ததாக அவரிடம் மூச்சு விடாதே, பெட்டிதான் காரணம் என்று நீயே யோசித்துக் கண்டுபிடித்ததாகச் சொல், அந்தப் பெருமையும் உனக்கே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது என்னிடம் பேச வேண்டாம், அவரோடு பேச வேண்டும் என்று கேள். ஒரு விரல்தான், நேரம் பிடிக்கும், தட்டுகிற சத்தம் மட்டும்தான் உனக்குக் கேட்கும். நடுவில் ஹலோ ஹலோ என்று கத்தாதே, லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிடாதே, அவர் முடிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா