கிரைண்டரில் உருட்டிய பாதாம்

பென்னாகரம், 9-11-2025, ஞாயிறு, காலை பத்தே கால். இரண்டு கிலோ பாதாமில் தேறியது பதினேழு.

அன்பு மகள் சமரீனுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருக்கிறேன், வலது கட்டைவிரலில் பாகு சுட்ட கொப்புளத்தைத் தவிர. தோஹாவில் நீயும் உன் அம்மாவும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். போனில் பேசினால் பாதியிலேயே என் குரல் ஏறிவிடுகிறது, அதனால்தான் தாளில் எழுதிப் படம் எடுத்து அம்மாவின் போனுக்கு அனுப்புகிறேன். இங்கே நல்ல மழை, ஒகேனக்கலில் பரிசலை நிறுத்திவிட்டார்கள். நீ ஏசி காற்று முகத்தில் படும்படி படுக்காதே, ஓதுகிற தொண்டை கட்டிக்கொள்ளும்.

சமரீன், பாதாம் மிட்டாய் வரவில்லை. அதைக் கொண்டுவருவதாக இருந்த பக்ருதீன் பாய் நேற்று சாயங்காலம் அது இல்லாமலேயே, தோஹா பிளேனைப் பிடிக்கப் பெங்களூருக்குக் கிளம்பிவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை நீ குர்ஆன் ஓதி முடிக்கிறாய். உன் துருக்கித் தோழி எலிஃப் ஓதி முடித்தபோது அவள் அப்பா வீட்டிலேயே செய்த பாதாம் மிட்டாயைப் பை பையாகக் கட்டி எல்லோருக்கும் கொடுத்தார். "எனக்கும் என் அத்தா செய்ததுதான் வேண்டும், கடையில் வாங்கியது வேண்டாம்" என்று நீ ஒன்றுதான் கேட்டாய். நீ அனுப்பிய வீடியோவில் எலிஃப்பின் அப்பா செய்முறையைத் தெளிவாகத்தான் காட்டினார். தோலுரித்துக் காயவைத்த பாதாமைச் செம்புச் சட்டியில் போட்டு, சிறு தணலில் ஆட்டிக்கொண்டே ஒரு கரண்டி பாகு விட வேண்டும், அது உலர்ந்து வெளுத்த பிறகுதான் அடுத்த கரண்டி. இப்படியே நாள் முழுக்க. எனக்கு அதைப் பார்க்கும்போதே எரிச்சல். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவன், தினமும் கிரைண்டர் ரிப்பேர் பார்க்கிறவன், நான் எதற்குக் கையால் ஆட்ட வேண்டும் என்று தோன்றியது. இட்லிக் கடை மலர்விழி அக்கா ரிப்பேருக்கு விட்டிருந்த டில்டிங் கிரைண்டரில் குழவியை எடுத்துவிட்டு, வேகத்தைக் குறைத்து, சாய்த்துவைத்து ஓட்டினேன். ஹேர் டிரையரால் காற்றும் அடித்தேன். முதல் இரண்டு பூச்சு அழகாக ஏறியது. அப்புறம் ஏறியதெல்லாம் மாவாக உதிர்ந்தது. ஏனென்றால் மாவு நன்றாக அரைபட வேண்டும் என்று அக்கா கேட்டதால், அடிக்கல்லை முந்தின நாள்தான் உளி வைத்துப் புதிதாகக் கொத்தியிருந்தேன். பாதாமின் மேல் ஏறின சர்க்கரையை அந்தக் கொத்து சுரண்டிக்கொண்டே இருந்தது. என் கையால் கொத்திய கல், எனக்கே நினைவில்லை. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். ஆத்திரத்தில் மீதிப் பாகு மொத்தத்தையும் ஒரே தடவையாகக் கவிழ்த்தேன். ஒரே கட்டியாகிவிட்டது.

நேற்றுக் காலை கிரைண்டரைக் கேட்டு வந்த அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏந் தம்பி, மாவாட்டற கல்லுல மிட்டாயா ஆட்டுறீங்க? இனி எங் கடைச் சட்னியும் இனிக்குமாட்ட இருக்குது" என்றார். பிழைத்த பாதாம் ஒன்றை வாயில் போட்டு, "புளிச்ச மாவு வாசன வருதுங்க" என்றும் சொன்னார். உண்மைதான், வந்தது. பக்ருதீன் பாயிடம் ஒரு நாள் பயணத்தைத் தள்ளிப்போடச் சொன்னேன். "ஏன்டா முதசிரு, பிளேன் என்ன டவுன் பஸ்ஸா, கை காட்டுனா நிக்கறதுக்கு?" என்றார். வாய்ஸ் மெசேஜில் உனக்குச் சொன்னேன், நீ கேட்டுவிட்டுப் பதில் போடவில்லை. போடாதது சரிதான்.

ராத்திரி கட்டியைச் சுத்தியலால் உடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஒன்று உறைத்தது. இந்த மாதத்தில் உன் அம்மா இரண்டு முறை, "நீங்களே வந்துடுங்களேன், புள்ள ஆசப்படுது" என்றாள். கடையை யார் பார்ப்பது என்று வெடுக்கென்று சொன்னேன். கடையில் இருந்தது அந்த ஒரு கிரைண்டர்தான். தோஹாவில் சூப்பர்வைசரோடு சண்டை போட்டு வேலையை விட்டு வந்தவன், மனைவி சம்பாதிக்கிற வீட்டில் விருந்தாளி மாதிரி உட்கார மாட்டேன் என்கிற வீம்பு எனக்கு. மிட்டாய் போய்ச் சேர்ந்தால் நான் வராதது யாருக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டேன். நீ பாதாமையா கேட்டாய்? எலிஃப்பின் அப்பா பையை நீட்டிக்கொண்டு வாசலில் நின்றதைத்தானே மூன்று தடவை சொன்னாய். எனக்கு அது இப்போதுதான் ஏறுகிறது.

அல்லாஹ் உன் ஓதலை ஏற்றுக்கொண்டு, உன்னை நல்லபடியாக வைப்பானாக. கடைசி ஜுஸ்உவை, அந்த முப்பதாம் பாகத்தை, அவசரப்படாமல் ஓது, அந்த விஷயத்தில் என்னைப் போல இருக்காதே. இனி நான் செய்யப்போவது:

1. மலர்விழி அக்காவின் கிரைண்டரை வெந்நீர் விட்டுக் கழுவி, இன்றே அவர் கடையில் இறக்கிவிடுவது.
2. உன் அம்மாவுக்குப் போன் செய்து, குரலை உயர்த்தாமல், வரட்டுமா என்று கேட்பது.
3. அவள் சரி என்றால் வியாழக்கிழமைக்கு டிக்கெட் போடுவது.
4. வழியில் எந்தக் கடையிலும் மிட்டாய் வாங்காமல் வருவது. வெள்ளிக்கிழமை உன் வாசலில் வெறுங்கையோடு நிற்பேன். வந்தவர்கள் என்ன கொண்டுவந்தீர்கள் என்று கேட்டால், பதில் நீ சொல்.

உன் அத்தா,
முதசிர்