எல்லோரும் ரேடியோ கேட்கும் ஊர்

1982 பிப்ரவரி 9, செவ்வாய். காலை 6.40. படிவங்கள் 120.

பெரம்பலூர் லாட்ஜ். பனி. எதிர்க்கடை போர்டு தெரியவில்லை.

இரவு கூட்டிப் பார்த்த கணக்கு மறுபடி. 120 பேரில் 118 பேர் பஞ்சாயத்து ரேடியோவில் தினமும் விவசாய நிகழ்ச்சி கேட்கிறார்களாம். இப்படி ஓர் ஊர் இருக்க முடியாது. "கடைசியாகக் கேட்டது எது?" என்பதற்கும் முக்கால்வாசிப் பேரிடம் ஒரே பதில்: வெங்காயத்தில் நுனிக் கருகல்.

செல்வராசு மேல்தான் சந்தேகம். படிவம் நிரப்ப நான் வைத்த ஆள், அரியலூர்க்காரன், வாத்தியார் பயிற்சி முடித்து வேலையில்லாதவன். ஏதாவது மரத்தடியில் உட்கார்ந்து எழுதியிருப்பான். எல்லாம் ஒரே கையெழுத்து. (எழுதியது அவன், வேறு யார் கையெழுத்து இருக்கும். இந்த வரி வேண்டாம்.)

டாக்டர் பட்டத்துக்கு இதுவரை:
துறையில் இரண்டு வருடம் – ஆயிற்று.
தாள்கள், பொதுத் தேர்வு – ஆயிற்று.
கள ஆய்வு – இதுதான்.
சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) – 22ஆம் தேதிக்குள்.
பிறகு துறைக் கருத்தரங்கு, ஐந்து பிரதி, வாய்மொழித் தேர்வு.

சினாப்சிஸ் கொடுத்த ரசீது இருந்தால்தான் கோவைக் கல்லூரியில் விரிவுரையாளர் இண்டர்வியூ. பழைய பிளேடு. தாடையில் இரண்டு இடத்தில் வெட்டு.

பிப். 10, புதன்

குன்னம் வரை பஸ். அங்கிருந்து வாடகை சைக்கிள், செல்வராசு (இனி செ.) பின்னால். வழியெல்லாம் பருத்தி வெடித்துக் கிடக்கிறது. பாதி வழியில் நேராகவே கேட்டேன், இந்த ஊருக்கு உண்மையிலேயே வந்தாயா என்று.

"வாங்க சார், யாரு வூட்டு நாய் கடிக்கும்னு வரிசையா சொல்றேன்."

சொன்னான். சரியாக இருந்தது. நாய் சாட்சி போதாது.

ரேடியோ பஞ்சாயத்து ஆபீசில், பூட்டிய மரப் பெட்டிக்குள். வெளியே வேப்பமரத்தில் ஒலிபெருக்கி. கிளார்க்கிடம் சாவி கேட்டேன்.

"சாவிக்கொத்தோட சம்சாரம் அரியலூர் போயிருக்கு சார். தங்கச்சிக்கு வளைகாப்பு."

ரேடியோ சாவிக்கு வளைகாப்பில் என்ன வேலை? நிகழ்ச்சி நேரம் வரை நகருவதில்லை என்று உட்கார்ந்துவிட்டேன்.

மாலை ஆறரை. நம்ப முடியவில்லை. முப்பது நாற்பது பேர் வந்து ஒலிபெருக்கியைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். தலையில் துண்டு, மடியில் வெற்றிலை. ஒலிபெருக்கியில் சத்தமே இல்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒருவர் என் பக்கம் திரும்பி, "இன்னிக்கி கரண்ட் இல்லீங்க" என்றார். அவர் தலைக்கு மேலேயே டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது.

பிப். 11, வியாழன்

இருமல். வெந்நீர் கேட்டால் லாட்ஜில் டீ வருகிறது.

கிளார்க் சாவி கொடுத்துவிட்டார், முகத்தைப் பார்க்காமல். பின்மூடியைக் கழற்றினேன். டிரான்ஸ்பார்மர் கருகிப்போயிருக்கிறது. அதன் மேல் பல்லி முட்டை ஓடு, தூசி ஒரு விரல் கனம். நேற்று நின்றதில்லை இது.

வெங்காயம் போட்டிருக்கும் அஞ்சலை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். படிவத்தில் "தினமும்" என்றவர்.

"எப்ப நின்னுச்சு?"

"போன வெங்காயத்துக்கு முந்தின வெங்காயம். நுனி கருகுனா என்ன மருந்துன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க, குப்புனு பொகை வந்துச்சு."

"அப்புறம் ஏன் தினமும் கேக்கறோம்னு சொன்னீங்க?"

"செருவாச்சூரு பக்கம் ஒரு ஊர்ல கேக்கறதில்லன்னு வாய விட்டாங்களாம். ஆபீசருங்க வந்து பொட்டியவே தூக்கிட்டுப் போயிட்டாங்க. உங்க ஆளு பேண்ட்டு போட்டுக்கிட்டு, கையில பேப்பரோட வந்து நின்னா? எல்லாரும் ஒண்ணாச் சொல்லிருவோம்னு பேசி வச்சதுதான்."

"ரிப்பேர் பண்ணச் சொல்லலாமே?"

"ரிப்பேருக்குப் போன பொட்டி எங்க தம்பி திரும்பி வந்துருக்கு?"

உள்ளே போனவர் திரும்பி வந்தார். "எவ்ளோ தண்ணிக்கு எவ்ளோ மருந்துன்னு சொல்றதுக்குள்ள நின்னுபோச்சு. குத்துமதிப்பா அடிச்சு ஒரு வெள்ளாமை போச்சு. ரேடியோ படிச்சவராமே, அதையாவது சொல்லிட்டுப் போங்க."

எனக்குத் தெரியாது.

"இல்லை" என்ற இரண்டு பேரும் ரஞ்சன்குடியிலிருந்து புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள். யாரும் அவர்களிடம் பேசி வைக்கவில்லை.

திரும்பும்போது செ.விடம்: "உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். படிவத்துல இருக்கறதத் தவிர ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

சொன்னேன். மூன்று முறை.

பிப். 12, வெள்ளி

தபால் ஆபீசில் டிரங்க் கால். நெறியாளர் கிடைக்க ஒன்றரை மணி நேரம். கத்திப் பேசியதில் வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் என் ஆய்வு பாடம்.

"ஏம்ப்பா, அவங்க சொன்னாங்களா, இல்லையா?"

"சொன்னாங்க சார். ஆனா ரேடியோ செத்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"சொன்னத எழுது. பின்மூடியக் கழட்டிப் பார்னு எந்தப் புத்தகத்துல போட்டிருக்கு?"

"பொய்யின்னு தெரிஞ்சு எப்படி சார்..."

"இருபத்திரண்டு தாண்டினா அடுத்த கமிட்டி ஜூலைலதான். கோயம்புத்தூர் காத்திருக்காது. யோசிச்சுக்கோ."

லைன் போய்விட்டதா, வைத்துவிட்டாரா?

ஒன்று உறுத்துகிறது. அவருடைய முந்தைய மாணவரின் ஆய்வேடு. இதே வட்டாரம், அங்கேயும் ஏறக்குறைய எல்லோரும் கேட்கிறார்கள். நான் அதை மேற்கோள் காட்டியிருக்கிறேன், முதல் அத்தியாயத்திலேயே. அந்தப் பெட்டிகளை யாராவது திறந்தார்களா?

இன்னொன்று. முக்கால்வாசிப் பேருக்கு அந்த நுனிக் கருகல் பேச்சு இன்னும் நினைவிருக்கிறது, பாதியில் நின்ற இடம் வரைக்கும். என் கேள்விகளில் இது எங்குமே இல்லை.

பிப். 13, சனி

தூக்கமில்லை. பனி இல்லை. "இது உண்மையான ஆய்வு" என்று ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டியது நான், அவர் அல்ல.

செய்ய வேண்டியது:

1. செ.விடம் மன்னிப்பு. டீக்கடையில் வைத்து வேண்டாம், கிண்டல் பண்ணுவான்.
2. வேளாண்மை ஆபீஸ்: மருந்து அளவு கேட்டு எழுதி, அஞ்சலையிடம். இன்றே.
3. திருச்சியில் டிரான்ஸ்பார்மர். பெட்டியை ஊரை விட்டு வெளியே எடுக்காமல், எல்லோரும் பார்க்க அங்கேயே மாட்டுவது.
4. கோவைக்குக் கடிதம்: இந்த வருடம் வர இயலாது. சினாப்சிஸ் ஜூலை.
5. 120 பேரிடமும் மறுபடி. படிவம் இல்லாமல். செ. பேசட்டும்.
6. முந்தைய ஆய்வேட்டின் ஊர்கள், ஒவ்வொன்றாக. ஸ்க்ரூடிரைவர். நெறியாளருக்குச் சொல்லக் கூடாது.