சாமி அறையில் வெள்ளைக் குளிசை

15, புதன்

காலையிலிருந்து தூறல். கொடியில் போட்டது எதுவும் காயவில்லை. மகனுக்குக் களிசான் தட்டுப்பாடு.

மத்தியானம் தீட்டு வந்துவிட்டது. மாமியிடம் சொன்னேன். "சரி பிள்ளை, பின்னேரம் நான் விளக்கு வைக்கிறன்." இனி முழுதாக நிற்கும்வரை எனக்குச் சாமி அறை இல்லை.

அப்போதுதான் நினைவு வந்தது. கருத்தடைக் குளிசை மட்டை உள்ளே, விபூதிப் பேணிக்குப் பின்னால்! மூன்று கிழமை வெள்ளை ஞாயிறோடு முடிந்தது. கடைசிக் கிழமை மண்ணிறத்தில் இரண்டு போட்டேன், ஐந்து மிச்சம். புது மட்டையும் பெட்டியோடு அங்கேதான். மச்சாளின் பிள்ளைகள் வந்தால் அலுமாரி முழுக்கக் கிண்டுவார்கள், கை வைக்காத ஒரே இடம் என்று அங்கே வைத்தேன். பின்னேரம் விளக்கு வைக்கும்போது வாய்க்குள் ஒன்று. என் கெட்டித்தனம்! போன மாதம் இந்த நாட்களில் மாமி அரியாலையில் மச்சாள் வீட்டில் நின்றார், மட்டை என் தலையணைக்குக் கீழேயே கிடந்தது, தப்பினேன்.

சனி இவர் வவுனியாவிலிருந்து வருகிறார். தள்ளிப் படுக்கச் சொல்லவா? சிசேரியன் செய்த டொக்டர், இப்போதைக்கு இன்னொன்று கூடாது என்று இவரையும் இருத்திவைத்துச் சொன்னவர். மாமிக்கோ பேத்தி வேண்டும். குளிசை விஷயம் மாமிக்குத் தெரியாது. பயமாக இருக்கிறது.

16, வியாழன்

வெயில். துணி காய்ந்தது.

மிட்வைஃப் மிஸ் மகனை நிறுக்க வந்தார். மாமி வீட்டுக்குப் பின்னால் வாழை இலை வெட்டிக்கொண்டு நின்றார். மெதுவாகக் கேட்டேன்.

"மிஸ், மண்ணிறம் போடாட்டில்?"

"அது வெறும் இரும்புச்சத்து. உடம்புக்கு நல்லது. போடாட்டிலும் பிள்ளை தங்காது."

"அப்ப இந்தக் கிழமை என்னெண்டு காவல்?"

"வெள்ளையை மூண்டு கிழமையும் ஒழுங்காப் போட்டனீர் தானே? சூலகம் நல்ல நித்திரை. ஒரு கிழமைக்குள்ளை எழும்பி முட்டை விடாது. அது முழிக்கமுதல் அடுத்த வெள்ளையைத் துவங்கவேணும். பிந்தினால்தான் பயம். திங்கள் துவங்கும், ரத்தம் நிண்டாலும் நிக்காட்டிலும்."

இது வழக்கமான தீட்டும் இல்லையாம், வெள்ளையை நிறுத்துவதால் வருவதாம்.

"அப்ப துடக்கும் இல்லையோ மிஸ்?"

"அதை ஐயரிட்டைக் கேளும்." சிரித்துக்கொண்டே ஸ்கூட்டியை எடுத்தார்.

பாரம் இறங்கியது. பின்னேரம் றொட்டியும் சம்பலும்.

18, சனி

இவர் வந்தார். மகனுக்குச் சப்பாத்து, ஒரு சைஸ் பெரிது. நடக்கிறான், விழுகிறான்.

புது மட்டையை எடுத்துத் தரச் சொன்னேன். கும்பிடுவதுபோல் போய், நல்ல பிள்ளையாகத் திருநீறும் பூசிக்கொண்டு வந்தார்.

"உன்ரை சீலைக்குக் கீழை வைச்சிருக்கிறன்."

தள்ளிப் படுக்கச் சொல்லவில்லை.

19, ஞாயிறு

பின்னேர பஸ்ஸில் போய்விட்டார். மகன் படலையில் நின்று அழுதான். எனக்கும் ஒரு மாதிரி.

20, திங்கள்

காலையே சீலையைத் தூக்கினேன். பழைய மட்டை! போன் எடுத்தேன்.

"இஞ்சேருங்கோ, எந்த மட்டையை எடுத்தனீங்கள்?"

"குளிசை கிடந்த மட்டைதான். ஏன், அஞ்சு கிடக்கே?"

மண்ணிறம் ஐந்தும் என்னைப் பார்க்கின்றன. புதிதை வெறும் பெட்டி என்று நினைத்தாராம். ஆத்திரமும் சிரிப்பும்.

ரத்தம் இன்னும் கொஞ்சம் படுகிறது. சந்திப் பாமசியில் நிற்பது மாமியின் தமையன் மகன், அங்கே போக முடியாது. மாமி கடைக்குப் போன நேரம் சாமி அறைக்குள் நுழையலாம், ஒருவருக்கும் தெரியாது. கதவடி மட்டும் போனேன். எனக்குத் தெரியுமே. திரும்பிவிட்டேன்.

பின்னேரம் மாமி விளக்கேற்றினார். வாசலில் நின்றேன்.

"மாமி, விபூதிப் பேணிக்குப் பின்னாலை என்ரை குளிசை இருக்கு. எடுத்துத் தாறியளே?"

"என்ன குளிசை?"

"பிள்ளை தங்காமல் இருக்க."

பேணி நகரும் சத்தம். பேத்தி கதை இனித் துவங்கும் என்று நினைத்தேன். பெட்டியோடு வந்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"வெள்ளையிலை தானே துவங்கிறது?"

"ஓம். உங்களுக்கு என்னெண்டு தெரியும்?"

"எனக்கும் ஆஸ்பத்திரியிலை தந்தவை. அஞ்சு பெத்தாப் பிறகு."

ஒன்றை அழுத்தி என் உள்ளங்கையில் போட்டுவிட்டு, தண்ணீர் எடுக்கக் குசினிக்குப் போனார்.