கையெடுக்காத ஹார்ன்

அன்புள்ள அம்மாவுக்கு,

மூட்டுவலி குறைந்ததா? உங்கள் பேத்தி விதுஷாவுக்குச் சளி விட்டதா? நான் கொழும்பில் சுகம். போனில் சொன்னால் என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

நேற்று ஒரு வேடிக்கை. தேயிலை ஏற்றிய பெரிய லொறிக்குப் புறக்கோட்டையில் வழிகாட்ட, கம்பனி என்னையும் டிரைவர் றில்வான் நானாவோடு அனுப்பியது. தெருவெல்லாம் திரீவீல், தள்ளுவண்டி, மூட்டை சுமப்பவர்கள். நான் இறங்கி முன்னால் நடந்து கைகாட்டினேன். யாரும் விலகாததால் நானா கையெடுக்காமல் ஹார்ன் அடித்தார்.

அவ்வளவுதான். பார்த்தால், யாரோ ஒருத்தியின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன். "அடியே, என்ட புள்ளைய உடுடி!" என்று அவள் பின்னால் ஓடி வருகிறாள். மன்னிப்புக் கேட்டுக் கொடுத்தேன்.

"என்ன தங்கச்சி, புள்ள புடிக்கிற வேலையும் பாக்குறீங்களா?" என்று நானா சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். மலை சரிந்த அன்று, லயத்து வீடுகளில் இருந்த சனங்களை எழுப்ப, அப்பா தேயிலைக் கொழுந்து லொறியில் அப்படித்தான் அடித்தார் என்று அவரிடம் சொல்லவில்லை. நாம் தப்பி ஓடிய பிறகும் அது கேட்டுக்கொண்டே இருந்தது அம்மா. பிறகு நின்றுவிட்டது.

கொஸ்லந்தையில் ஐப்பசி மழை தொடங்கியிருக்கும். டோர்ச்சுக்குப் புது பெட்டரி போடுங்கள். விதுஷாவைச் சுவெட்டரோடு படுக்க வையுங்கள். மழை வலுத்தால் அவளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய், எந்நேரமானாலும் எனக்கு ஒரு மிஸ்ட் கோல் கொடுங்கள். சத்தம் கேட்டால் போகலாம் என்று மட்டும் இருக்காதீர்கள். இப்போது ஹார்ன் அடிக்க அங்கே அப்பா இல்லை.

அறையில் கூட இருப்பவர்கள் லைட்டை அணைக்கச் சொல்கிறார்கள்.

மகள்,
ரேணுகாதேவி